பறிமுதல் செய்த போனை ஸ்கூலில் திறந்து பார்க்கலாமா? ஒரு திருப்பூர் அம்மாவின் கேள்வி!

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் திருப்பூர் ரோட்டில் ஒரு கூட்டம் இருக்கும். வாரச் சம்பளம் வாங்கிய கையோடு காய்கறி, மீன், பிள்ளைகளுக்குப் புரோட்டா பார்சல் என்று கம்பெனி விட்டு வருகிறவர்களின் கூட்டம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் லைன் வீட்டு அக்காவைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போகிறவர், அன்று நின்றார்.

"தம்பி, நீங்க பத்திரிகையிலதானே இருக்கீங்க? ஒண்ணு கேக்கணும். ஸ்கூல்ல போனைப் புடுங்கி வச்சுக்கலாம், சரி. அதுக்குள்ள இருக்குறதப் படிக்கலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன். இந்த வாரப் பத்தி அந்த விசாரிப்புதான்.

நடந்தது இதுதான்

அக்காவின் மகன் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்குக் காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிஃப்ட். ஸ்கூல் முடிந்து டியூஷன், டியூஷன் முடிந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு வீடு. நடுவில் ஏதாவது என்றால் கூப்பிட ஒரு போன் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்மார்ட்போன். 2020 லாக்டவுனில் ஆன்லைன் கிளாஸுக்காகக் கடன் வாங்கி வாங்கியது. கம்பெனிக்குள் அக்கா போனைப் பையில்தான் வைத்திருக்க வேண்டும் என்பதால், பையன் கையில் கொடுத்துவிடுவார்.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது போன் அடித்துவிட்டது. அழைத்தது, மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கேட்பவர். ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டார். அதுவரை யாருக்கும் மனக்குறை இல்லை. மதியம் பையனைக் கூப்பிட்டு, "பேட்டர்ன் போடு" என்றிருக்கிறார்கள். போட்டான். கேலரி பார்த்தார்கள். வாட்ஸ்அப் பார்த்தார்கள். அக்கா தன் தங்கைக்கு அழுதபடி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜையும் ஸ்டாஃப் ரூமில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போன அக்காவிடம், "வீட்டுல இவ்வளவு கடன் இருக்கு, பையனுக்கு டச் போன் கேக்குதா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"புள்ளையத் திட்டியிருந்தாகூடப் பரவால்ல தம்பி. என் கடனை எதுக்குப் படிச்சாங்க?"

எந்த ஸ்கூல், யார் ஆசிரியர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அக்காவும் அதை விரும்பவில்லை. அவருக்கு வேண்டியது அந்தக் கேள்விக்கான பதில் மட்டும்.

ஆசிரியர்கள் பக்கமும் இருக்கிறது

முதலில், எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சொன்னதைத் தட்டிக்கழிக்க முடியாது. "பாடம் நடத்துறப்ப வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு ரீல்ஸா போடுறாங்க. கூடப் படிக்குற பொண்ணோட போட்டோவ எடிட் பண்றாங்க. ஒரு புள்ள தப்பான முடிவு எடுத்துட்டா, 'வாத்தியார் கவனிக்கலையா'ன்னு எங்களத்தானே கேப்பாங்க? போன் கையில இருக்கு, திறந்தா தெரிஞ்சுரும். திறக்காம எப்படிங்க இருக்குறது?"

அந்தப் பயம் நியாயமானது. தமிழகத்தில் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும் என்று 2022-ல் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழியே எச்சரித்திருந்தார். ஆக, வாங்கி வைப்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் வாங்கி வைப்பது ஒரு வேலை, திறந்து பார்ப்பது வேறொரு வேலை. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சைக்கிளைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் பூட்டி வைக்கலாம். அதற்காகக் கேரியரில் இருக்கும் பையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியுமா?

நம் சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளிகள் மாணவரின் போனைத் திறந்து பார்க்கலாம் என்றோ, கூடாது என்றோ நேரடியாகச் சொல்லும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் சுற்றிலும் வேலிகள் இருக்கின்றன.

முதல் வேலி, அந்தரங்க உரிமை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அரசு அதில் கை வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், செய்வது அளவோடு இருக்க வேண்டும். 18 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான் இந்த உரிமை என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. ஐ.நா-வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-வது பிரிவும், குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. இந்தியா 1992-லேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இரண்டாவது வேலி, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதையும், அதிலிருந்து தகவலை எடுப்பதையும் தவறு என்கிறது. ஸ்மார்ட்போனும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு கணினிதான். அக்கா வீட்டு போனின் உரிமையாளர் யார்? பில் அவர் பெயரில், சிம் அவர் பெயரில். பையன் பேட்டர்ன் போட்டுக்கொடுத்தது அக்காவின் அனுமதி ஆகுமா? எதிரில் ஆசிரியர் நின்று "போடு" என்று சொல்லும்போது, பதினைந்து வயதுப் பையனால் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா?

போலீஸுக்கே இதில் கட்டுப்பாடு உண்டு. விரேந்திர கன்னா வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒருவரின் ஸ்மார்ட்போனைச் சோதிக்க வேண்டுமென்றால் பொதுவாக நீதிமன்ற வாரன்ட் வேண்டும் என்றது. கொலை வழக்கைத் துப்பறியும் இன்ஸ்பெக்டருக்கே ஒரு நடைமுறை இருக்கும்போது, வகுப்பில் ரிங்டோன் அடித்ததற்கு எந்த நடைமுறையும் வேண்டாமா?

கேரளாவும் டெல்லியும்

பள்ளி, கல்லூரிகளில் போன் பற்றிய வழக்குகளும் நம் நாட்டில் வந்திருக்கின்றன. கோழிக்கோடு பக்கம் சேலன்னூரில் இருக்கும் ஸ்ரீ நாராயணகுரு கல்லூரியின் மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் போன் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டார்கள். ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி ஏற்க மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்பளித்தார். மாணவியை மறுபடி விடுதியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஒழுங்கு வேண்டும்தான், அதற்காகப் படிக்கும் வழியை அடைக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடுத்தது டெல்லி. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி, பள்ளிகளுக்கு ஸ்மார்ட்போன் கொண்டுவருவதை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்வது சரியும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை என்றார். முடிந்த இடங்களில் காலையில் போனை வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுங்கள், வகுப்பில் பயன்படுத்த விடாதீர்கள், பள்ளி வளாகத்தில் படம் பிடிக்க விடாதீர்கள், விதிகளைப் பெற்றோரோடும் ஆசிரியர்களோடும் பேசி உருவாக்குங்கள் என்று வழிகாட்டினார். விதியை மீறினால் தண்டனையாகப் போனைப் பறிமுதல் செய்யவும் அதில் இடம் உண்டு. நியாயமான ஏற்பாடு இது. மாணவருக்குப் பாதுகாப்புக்கு போன், ஆசிரியருக்கு அமைதியான வகுப்பு.

அமெரிக்காவில் ஒரு கைப்பை, இரண்டு போன்

நம் ஊரில் இன்னும் விடை கிடைக்காத "திறக்கலாமா" என்ற கேள்வியை அமெரிக்காவில் நாற்பது வருடமாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

நியூ ஜெர்சியில் 14 வயது மாணவி ஒருத்தி ஸ்கூல் கழிப்பறையில் சிகரெட் பிடித்ததாக மாட்டினாள். இல்லை என்று சாதித்தாள். துணைத் தலைமை ஆசிரியர் அவள் கைப்பையைத் திறந்தார். சிகரெட்டும் இருந்தது, கஞ்சாவும் இருந்தது. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனை செல்லும் என்றது. கூடவே இரண்டு கேள்விகளையும் வைத்தது. தொடங்கும்போது நியாயமான சந்தேகம் இருந்ததா? தேடியது அந்தச் சந்தேகத்தின் அளவோடு நின்றதா?

அடுத்தது பென்சில்வேனியா. அங்கே ஒரு பள்ளியில் மாணவனின் போன் வெளியே தெரிந்ததால் பறிமுதல் செய்தார்கள். அதோடு விடவில்லை. அதில் இருந்த எண்களுக்கு அழைத்து, வேறு யாரெல்லாம் போன் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்தார்கள். அவன் தம்பியோடு அவனைப் போலவே சாட் செய்தார்கள். 2006-ல் நீதிமன்றம் சொன்னது: வாங்கி வைத்தது சரி. உள்ளே நுழைந்தது, இந்தக் காரணத்துக்குச் சரியில்லை.

மூன்றாவது, கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ. வகுப்பில் மெசேஜ் அனுப்பிய மாணவனின் போனை வாங்கி, நான்கு குறுஞ்செய்திகளை மட்டும் படித்தார் ஒரு பள்ளி அதிகாரி. அவர் நோக்கம் கெட்டதல்ல. முன்பு ஒருமுறை அந்தப் பையன் தற்கொலை எண்ணம் பற்றிப் பேசியிருக்கிறான், அதனால் கவலை. ஆனாலும் 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்றைக்கு அவனிடம் ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லை, வகுப்பில் போன் தொட்டது மட்டுமே உள்ளே தேடுவதற்குக் காரணம் ஆகாது என்றது.

நல்ல மனசோடு செய்தாலும் எல்லை எல்லைதான் என்கிறது இந்தத் தீர்ப்பு. எனக்கு அந்த ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காவின் போனிலும் அதே கணக்குதான். வகுப்பில் போன் அடித்தது தப்பு என்றால், அந்தத் தப்புக்கான ஆதாரம் எல்லோர் காதிலும் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. கேலரியில் தேட என்ன மிச்சம் இருந்தது?

உள்ளே இருப்பது பிள்ளை மட்டும் இல்லை

வெளிநாட்டுத் தீர்ப்புகளில் இல்லாத ஒரு விஷயம் நம் ஊரில் இருக்கிறது. அங்கே மாணவனின் போன் மாணவனுடையது. இங்கே பல வீடுகளில் அது குடும்பத்தின் போன். ஜிபே அதில். பேங்க் மெசேஜ் அதில். ஆதார் ஓடிபி அதில். டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், புருஷன் பொண்டாட்டி சண்டை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிய அழுகை, எல்லாம் அதில். ஒரு பையனின் போனைத் திறந்தால், அந்த லைன் வீட்டின் கதவையே திறந்து உள்ளே போன மாதிரிதான்.

அக்கா தேனிப் பக்கத்துக்காரர். 17 வயதில் ஒரு மில்லுக்கு வேலைக்கு வந்து, விடுதியில் மூன்று வருடம் இருந்தவர். அப்போது சொந்த போன் கிடையாது. வாரம் ஒருமுறை விடுதி போனில் வீட்டுக்குப் பேசலாம். "வார்டன் பக்கத்துலயே நிப்பாங்க தம்பி. அம்மாகிட்ட 'நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்ல முடியும்" என்றார். 2014-ல் நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் தமிழக நூற்பாலைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும், விடுதிப் பெண்கள் வெளியே போகவும் வெளியாட்களிடம் பேசவும் இருந்த கட்டுப்பாடுகள் பதிவாகியிருக்கின்றன. அப்படி வாழ்ந்த ஒரு பெண், சொந்தக் காசில் வாங்கிய போனில் தன் தங்கையிடம் மனசு விட்டு அழுதிருக்கிறார். அதையும் யாரோ பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார்கள்.

பையனிடம் தனியாகப் பேசினேன். அவன் இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. "பேட்டர்ன் போட்டுக் குடுத்தது நான்தானேண்ணா" என்றான். வேறெதுவும் பேசவில்லை.

ஆபத்தான விஷயம் இருந்தால்?

"அப்படின்னா எதையுமே பார்க்கக் கூடாதா?" என்று அந்த ஆசிரியை கேட்டார். அவசரம் என்றால் கதை வேறு. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று நம்ப உருப்படியான காரணம் இருந்தால், பெற்றோரை உடனே கூப்பிட வேண்டும். அவர்கள் முன்னிலையில், தலைமை ஆசிரியர் பொறுப்பில், தேவையானதை மட்டும் பார்க்கலாம் என்பது நியாயமாகப் படுகிறது. இங்கிலாந்தில் கல்வித்துறையே இதற்கு எழுத்துபூர்வமான வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் ஊழியர் போனை ஆராயலாம். ஆனால் அதில் பிள்ளைகளின் நிர்வாணப் படம் இருப்பதாகத் தெரிந்தால், வேண்டுமென்றே அதைப் பார்க்கவோ, நகல் எடுக்கவோ, பகிரவோ கூடாது. குழந்தைகள் பாதுகாப்புக்கு என்று நியமிக்கப்பட்டவரிடம் விஷயத்தை ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் நம் ஆசிரியர்களுக்கு ரொம்ப முக்கியம். "ஆதாரத்துக்கு" என்று அப்படிப்பட்ட ஒரு படத்தைத் தன் போனுக்கு ஃபார்வர்டு செய்தாலோ, ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் ஆசிரியரே மாட்டக்கூடும். பகிரும் நோக்கத்தோடு அழிக்காமலோ, புகார் செய்யாமலோ வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தில் குற்றம். 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டப் பிரிவை விரிவாக விளக்கியது. ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ 19-வது பிரிவின்படி போலீஸுக்குச் சொல்வது கட்டாயம். துப்பறிவது போலீஸ் வேலை. ஆசிரியரின் வேலை, போனை அணைத்து, பத்திரமாக வைத்து, தகவல் சொல்வது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

*பெற்றோருக்கு:* பள்ளியின் போன் விதியை எழுத்தில் கேளுங்கள். பிள்ளை கையில் போன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முடிந்தவரை சாதாரண பட்டன் போன் கொடுங்கள். வீட்டு போன்தான் போகிறது என்றால் வாட்ஸ்அப், கேலரி, பேங்க் ஆப்களுக்குத் தனி லாக் போடுங்கள். அந்த லாக் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். தெரியாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

*மாணவர்களுக்கு:* வகுப்பில் போனை எடுக்காதீர்கள். அதில் விவாதமே இல்லை. மாட்டினால் போனைக் கொடுத்துவிடுங்கள். "லாக் எடு" என்றால், "அம்மா, அப்பா வந்ததும் எடுக்குறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்காக யாராவது அடித்தாலோ, அவமானப்படுத்தினாலோ வீட்டில் மறைக்காதீர்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களில் பேசலாம். படம், வீடியோ வைத்து யாராவது மிரட்டினால் சைபர் க்ரைம் உதவி எண் 1930.

*ஆசிரியர்களுக்கு:* வாங்கியதும் மாணவர் முன்பே அணைத்துவிடுங்கள். கவரில் போட்டு, பெயர், தேதி, நேரம் எழுதிப் பதிவேட்டில் குறியுங்கள். அந்தப் பதிவேடு நாளைக்கு உங்களையும் காப்பாற்றும். "திரை உடைஞ்சிருக்கு", "போட்டோவைக் காணோம்" என்று யாரும் உங்கள் மேல் பழி போட முடியாது.

அரசுப் பள்ளிகளில் இதையெல்லாம் பேச ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், குடிநீர், கழிப்பறை பற்றிப் பேசுகிற அந்தக் கூட்டத்தில், "பறிமுதல் செய்யும் போனை என்ன செய்வது" என்று அரைப் பக்கத்தில் ஒரு விதி எழுதிவிட முடியும். காசு செலவில்லாத வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். புட்டசாமி, ஓவன்ஸ்பரோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆக, படிச்சது தப்புத்தானே?" என்றார்.

"தப்புதான்க்கா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பையனுக்குப் பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று அவனிடமே கேட்டு வைத்திருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமாம். போனா அரை ஷிஃப்ட் போயிரும்" என்றவர், கூடையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "போறேன் தம்பி. நான் கேக்கலைன்னா, நாளைக்கு இன்னொருத்தி போனை எடுத்துப் படிப்பாங்க."

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இதற்கு என்ன விதி இருக்கிறது? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்களேன்!